தரைக்கடியில் கரையும் முதல்

கடையின் பின்சுவரில் ஓர் அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து விழ ஆரம்பித்தால் எமது வியாபாரிகளில் பலர் முதலில் போவது பெயின்ட் கடைக்குத்தான். சுரண்டி, வோல் பில்லர் பூசி, இரண்டு கோட் அடித்துவிட்டால் நோன்புப் பெருநாள் வியாபாரம் முடியும் வரை சுவர் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதே இடத்தில் மீண்டும் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளித்து நிற்கும். அடுத்த வருடம் இன்னும் விலை கூடிய பெயின்ட். அதற்கடுத்த வருடம் சுவரை மறைத்து நான்கு வரிசை டைல்ஸ். இப்படி ஐந்தாறு வருடங்கள் செலவழித்த பின்னரும், இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரக்கில் ஒரு மூடை குறைந்தால் இரவோடிரவாகக் கணக்குப் பார்க்கும் நாம், தரைக்கடியில் மாதக் கணக்கில் ஒழுகும் குழாயைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததே அதற்குக் காரணம். கீழே கடை, மேலே வீடு அல்லது முன்னால் கடை, பின்னால் வீடு என்று வாழும் எமது குடும்பங்களுக்கு இது வியாபாரப் பிரச்சினை மட்டுமல்ல. குடிக்கும் தண்ணீரின் பிரச்சினையும் கூட. பழைய கட்டடங்களில் தரைக்குக் கீழே என்ன நடக்கிறது, அதற்கு என்ன செய்யலாம், எதில் பணத்தை வீணாக்கக் கூடாது என்பதனை இவ்வாரம் பார்ப்போம்.

ஈரம் நான்கு வழிகளில் வரும்

சுவரில் ஏறும் ஈரத்துக்கு ஒன்றில் நிலத்தடி நீர் காரணமாக இருக்கும், அல்லது மழைநீர், அல்லது தண்ணீர்க் குழாய், அல்லது கழிவுநீர்க் குழாய். ஒரே சுவரில் இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வைத்தியம் செய்வதுதான் இவ்விடயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய செலவு.

நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் ஊடாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். பொதுவாக ஒரு மீற்றர் உயரம் வரை வந்து நின்றுவிடும். அந்த எல்லையில் உப்புப் படிந்து, கடலலை வந்துபோன கரை போல ஒரு கோடு தெரியும். இதைத் தடுப்பதற்காகவே அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் சீமெந்துச் சாந்தும் அதன் மேல் தாரும் போட்டு மேசன் பாஸ்மார் கட்டுகிறார்கள். கொழும்பு புறக்கோட்டையிலும் காலிக் கோட்டையிலும் உள்ள மிகப் பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்தத் தடை கிடையாது. அவை சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் ஊடாக வெளியே ஆவியாகிப் போகும் என்பதே அந்தக் காலத்து ஏற்பாடு. அதன் மேல் நாம் சீமெந்து பூசி, எண்ணெய்ப் பெயின்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி அடைத்தோம். வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. ஓரடியில் இருந்த கறை நான்கடிக்குப் போய்விட்டது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

மழைநீர் விடயத்தில் ஒரு சங்கதி கவனிக்கப்படுவதில்லை. நகரத்து வீதிகளுக்குத் தார் மேல் தாராகப் போட்டதில் வீதியின் மட்டம் உயர்ந்து, பழைய கடைகளின் தரை பள்ளமாகிவிட்டது. ஒரு காலத்தில் படியேறிப் போன கடைக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். கானும் அடைத்திருந்தால் வீதித் தண்ணீர் முழுவதும் அத்திவாரத்தில் தேங்கும். மழை பெய்து இரண்டு மூன்று நாட்களில் ஈரம் கூடி, வெயிலடித்தால் குறைகிறதென்றால் குழாயைத் தேடித் தரையை உடைக்கத் தேவையில்லை. கானைத் துப்புரவாக்க வேண்டும். உள்ளூராட்சி சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

மழையும் வெயிலும் பார்க்காமல் வருடம் முழுவதும் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஈரம் இருந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம்.

இரும்புக் குழாய் ஏன் உக்குகிறது?

பீ.வீ.சீ. குழாய்கள் பரவலாகப் பாவனைக்கு வருவதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் கல்வனைஸ் இரும்புக் குழாய்களே தரைக்கடியில் ஓடுகின்றன. இரும்பின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. பூச்சு தீர்ந்ததும் இரும்பின் முறை வருகிறது. ஈர மண்ணில் கிடக்கும் குழாய் வெளியிலிருந்தும் உக்கும், ஓடும் தண்ணீரால் உள்ளிருந்தும் உக்கும். உள்ளே துரு தடித்துத் துவாரம் சுருங்குவதால்தான் கடைசிக் குழாயில் தண்ணீர் நூல் போல வருகிறது. காலையில் முதலில் திறக்கும்போது செம்மண் நிறத்தில் தண்ணீர் வருவதும் அதன் அடையாளமே.

கரையோரத்தில் இது மேலும் விரைவாக நடக்கிறது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதில் வல்லது. துருப்பிடித்தல் என்பதும் அடிப்படையில் ஒரு மின் இரசாயன வேலைதான். பேருவளை, காலி, அம்பாந்தோட்டை, காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது என்று எமது ஊர்களில் பல கடலை ஒட்டியே இருக்கின்றன. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த கட்டடங்களின் பழைய சுவர்கள் உறிஞ்சிய உப்பு, கழுவியதால் முழுவதும் போய்விடுவதில்லை. கழுவப்படாத கடல் மணலில் கலந்த சாந்தும் அப்படித்தான். கடல் மணலை வாங்குவோர் அதன் உப்பு போக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது அவசியம். விலை குறைவு என்று வாங்கிக் கட்டியவர்கள் பின்னர் கம்பியும் குழாயும் துருப்பிடிப்பதைப் பார்க்க நேரிடும்.

இன்னொரு காரணம் எமது கைவேலை. பித்தளை வால்வையோ செம்புக் குழாயையோ நேரடியாக இரும்புக் குழாயில் பூட்டினால், இரண்டு உலோகங்கள் தண்ணீரில் சந்திக்கும் அந்த இடத்தில் இரும்பு விரைவாகக் கரையும். மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் ஏற்கனவே பாதியாகிவிட்டதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஒழுகத் தொடங்குகிறது.

ஒட்டுப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒழுகும் இடத்தை மட்டும் தோண்டி, இரண்டடிக் குழாயை வெட்டியெடுத்து, புதிய கல்வனைஸ் குழாய்த் துண்டொன்றைப் பூட்டிவிட்டுப் போவது எமது ஊர்களில் வழமை. பழைய துருப்பிடித்த குழாயோடு சேர்த்த புதிய துண்டு, பழையதைக் காப்பாற்றுவதற்காகத் தான் கரையத் தொடங்கும். ஆகவே போன வருடம் போட்ட புதிய குழாய் அதற்குள் உக்கிவிட்டதென்றால் ஹார்ட்வெயார் கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. அது சேர்ந்த இடம் அப்படி. அந்தத் துண்டு தப்பினாலும், பக்கத்தில் உள்ள பழைய குழாய் அதே வயதுடையது. இன்று இங்கே ஒழுகினால் ஆறு மாதத்தில் நான்கடி தள்ளி ஒழுகும். ஒவ்வொரு தடவையும் தரையை உடைக்க வேண்டும், அதே நிறத்தில் டைல்ஸ் தேட வேண்டும். பழைய டைல்ஸ் நிறம் மீண்டும் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

உடைக்க முன்னர் பரீட்சை

தரையை உடைக்கச் சொல்லும் எவருக்கும் கூலி கொடுக்க முன்னர் செலவில்லாத சில பரீட்சைகளை நாமே செய்துகொள்ளலாம்.

முதலாவது மீற்றர். இஷா தொழுது கடையைப் பூட்டும்போது எல்லாக் குழாய்களையும் மூடி, கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் மூடிவிட்டு, மீற்றரின் இலக்கத்தைக் கடைசிச் சிவப்பு எண் வரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சுபஹுக்கு எழும்பியதும், வுழூச் செய்வதற்குக் குழாயைத் திறப்பதற்கு முன்னர், மீண்டும் பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில், அல்லது நேரடியாக ஓடும் குழாயில் ஒழுக்கு இருக்கிறது. பல மீற்றர்களில் சிறிய முக்கோணம் அல்லது நட்சத்திரச் சக்கரம் ஒன்று இருக்கும். எல்லாம் மூடியிருக்கும்போது அது மெதுவாகச் சுற்றினாலே போதும், விடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

எண் நகரவில்லையென்றால் தாங்கிக்குப் பின்னால் உள்ள குழாய்களைப் பார்க்க வேண்டும். தாங்கிக்குத் தண்ணீர் வரும் வழியை மூடிவிட்டு, நீர் மட்டத்தில் ஓர் அடையாளம் இட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே மலசலகூடத்தின் சிஸ்டன் ஒழுகினாலும் மட்டம் இறங்கும் என்பதனை மறக்கக் கூடாது. சிஸ்டனுக்குள் கொஞ்சம் நிறப் பவுடர் கரைத்துவிட்டு, எவரும் பாவிக்காமல் அரை மணித்தியாலம் விட்டால், கோப்பைக்குள் நிறம் இறங்குகிறதா இல்லையா என்று பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீர்க்காரர்களுக்கு மீற்றர் இல்லை. ஆனால் தானாக இயங்கும் மோட்டர் வைத்திருப்பவர்கள், யாரும் தண்ணீர் எடுக்காத நடுநிசியில் மோட்டர் சற்று ஓடி நிற்கிறதா என்று காது கொடுத்தால் போதும்.

கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் மீற்றர் அசையாது. இதற்கு பிளம்பர் ஒருவரின் உதவியுடன் வெளிக்குழியில் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, மட்டம் குறைகிறதா என்று பார்ப்பது நம்பகமான வழி. நாற்றம், எறும்புப் புற்று, கறையான், எலி வளை என்பன அக்கம்பக்கத்தில் இருந்தால் சந்தேகம் வலுக்கும். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களும் சீமெந்துக் குழாய்களும் மேற்பகுதியிலேயே அதிகம் உக்குவதுண்டு; கழிவிலிருந்து எழும் வாயு அங்கே அமிலமாக மாறுகிறது. அது போதாதென்று அடைப்பெடுப்பதற்காகப் போத்தல் போத்தலாக அசிட் ஊற்றுகிறோம். அசிட் அடைப்பை மட்டும் பார்த்துக் கரைப்பதில்லை. இரும்பையும் சீமெந்துப் பூட்டையும் சேர்த்தே தின்னும். தேநீர்க் கடை, ஹோட்டல் நடத்துவோர் கொழுப்பைக் குழாயில் விடாமல் வெளியில் ஒரு கொழுப்புத் தொட்டி கட்டி வாரந்தோறும் அள்ளினால் அசிட் தேவையே வராது.

நிலத்தடி ஈரமா என்று அறிய, தரையில் ஒரு முழ அகலப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரப்பதன். யன்னலைத் திறப்பதும் காற்றாடி போடுவதும்தான் மருந்து.

எவ்வளவு போகிறது?

பத்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகும் சிறிய ஓட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 144 லீற்றர். முப்பது நாட்களில் 4,320 லீற்றர், அதாவது நான்கு அலகுக்கு மேல். ஓர் அலகு 1,000 லீற்றர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணங்கள் 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் பெருமளவில் உயர்த்தப்பட்டதன் பின்னர் நான்கு அலகு என்பது அலட்சியப்படுத்தக்கூடிய தொகையல்ல. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஒழுகும் நான்கு அலகும் எப்போதும் உச்சப் படியின் விலைக்கே விழும். மீற்றர் வரையான ஒழுக்கு சபையின் பொறுப்பு, 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். மீற்றருக்கு இப்பால் ஒழுகுவது எமது பொறுப்பு, அதற்கான பட்டியலும் எமக்கே.

ஆனால் பட்டியல் சிறிய பகுதிதான். பெரிய நட்டம் சரக்கில் இருக்கிறது. அரிசியும் நெல்லும் 14 வீத ஈரப்பதனுக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அடிவரிசை மூடை தரையில் கிடந்தால் அந்த ஈரத்தைத் தரையிலிருந்தே உறிஞ்சிவிடும். புடவைக் கடையில் கட்டுக்குள் கறுப்புப் புள்ளி விழுந்த துணி பாதி விலைக்கும் போகாது. ஹார்ட்வெயார் கடையில் சீமெந்துப் பை கீழ்ப்பக்கத்தால் கல்லாகும். கடதாசிப் பெட்டிகள் தண்ணீரை மேலே இழுப்பதில் செங்கல்லுக்கும் மேல். ஆகவே திருத்தம் முடியும் வரைக்குமாவது சரக்கைத் தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்த்திய பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். கடை பூட்டும்போது மீற்றருக்குப் பக்கத்து வால்வை மூடிவிட்டுப் போனால் அன்றிரவின் ஒழுக்கு நின்றுவிடும். இது திருத்தமல்ல, இரத்தப் போக்கை அழுத்திப் பிடிப்பது மட்டுமே.

உடல்நல நட்டத்தைப் பணத்தில் எழுத முடியாது. தண்ணீர் வெட்டு நேரத்தில் குழாயினுள் அழுத்தம் இறங்கியதும், வெளியே ஒழுகிய அதே ஓட்டையினூடாக மண்ணில் உள்ள அழுக்கு நீர் உள்ளே இழுபடும். பக்கத்திலேயே ஒரு கழிவுநீர்க் குழாயும் உக்கியிருந்தால் என்ன உள்ளே வரும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் வெட்டின் பின்னர் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வரும் வீடுகளில் குழாயையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பழையதைத் தோண்டாதீர்கள், விட்டுவிடுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஒழுகிய, முப்பது நாற்பது வருடப் பழைமையான இரும்புக் குழாய்க்கு ஒட்டுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. தரையை உடைத்து அதே வழியில் புதிய குழாய் போடுவதையும் ஆதரிப்பதில்லை. பழைய குழாயை மீற்றர்ப் பக்கத்தில் வெட்டி மூடியிட்டு அடைத்து, மண்ணுக்குள்ளேயே கைவிட்டுவிட்டு, புதிய பீ.வீ.சீ. குழாயைச் சுவரோரமாக, தரைக்கு மேலே கொண்டு போவதே மலிவானதும் நிரந்தரமானதும். பார்வைக்கு அவ்வளவு அழகாக இராது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், கால் மணித்தியாலத்தில் திருத்தலாம். கடைக்கு வேறு, வீட்டுக்கு வேறு, மலசலகூடத்துக்கு வேறு என்று வால்வுகள் வைத்தால் ஓரிடத்தைத் திருத்துவதற்காக முழுக் கட்டடத்தின் தண்ணீரையும் வெட்டத் தேவையில்லை.

குழாய் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையையும் அழுத்த வகையையும் பாருங்கள். மீற்றரிலிருந்து நேரடியாக அழுத்தத்துடன் வரும் வழிக்கு டைப் 1000. கழிவுக்கு விற்கும் மெல்லிய குழாயை இலாபத்துக்காக இங்கே பூட்டும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். வெயில்படும் இடத்தில் பீ.வீ.சீ. நாளடைவில் மொறுமொறுப்பாகிவிடும், அங்கே பெயின்ட் அடித்து மறைக்க வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டொன்றை உறையாக வைத்து அதனூடாக விட வேண்டும். ஒட்டுப் பசை பூச முன்னர் குழாயின் நுனியைத் துடைத்துக் காயவைப்பதும், ஒட்டிய பின்னர் பசையில் எழுதியிருக்கும் நேரம் வரை தண்ணீர் விடாதிருப்பதும் சின்ன விடயங்கள். அவசரத்தில் இவற்றை விடுவதால்தான் புதிய வேலையும் ஒழுகுகிறது.

இந்த மாற்றத்தில் உயிராபத்தான ஒரு விடயம் மறைந்திருக்கிறது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் மின்சாரத்தின் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். இரும்பை வெட்டிப் பிளாஸ்டிக் பூட்டியதும் எர்த் இல்லாமல் போய்விடும். வெளியில் எல்லாம் வழமை போல எரியும், ஓடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் கசிவு ஏற்படும் வரை தெரியாது. எனவே பிளம்பருக்கு முன்னர் தகுதியான மின் தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, எர்த் எங்கே போகிறது என்று பார்க்கச் செய்து, தேவையானால் தனியாக எர்த் ரொட் இறக்கி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பரீட்சித்துக்கொள்ளுங்கள்.

குழாயைத் திருத்திய மறுவாரம் சுவர் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊறிய செங்கற் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற அளவிலேயே காயும் என்பது கட்டட வேலை தெரிந்தவர்களின் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரென்றால் பல மாதங்கள். அதுவரை பூச்சை உரித்து, செங்கல்லைத் திறந்து விட்டு, வெளியே வரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிப் போட வேண்டும். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். கறை ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சை எடுத்துவிட வேண்டும். அதில் உப்பு இருக்கும் வரை, ஒழுக்கு நின்ற பின்னரும் மழைக்காலக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கறை காட்டும். வேலை செய்த பாஸை வீணாகச் சந்தேகிப்பதும் அப்போதுதான். மீண்டும் பூசும்போது பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு கலந்த பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையுமே பொருத்தம். கவர்ச்சியான டின்களில் வரும் ஈரத்தடைப் பூச்சுகள் தண்ணீர் நின்ற பிறகு பூசினால் பயன் தரலாம். ஒழுகும்போது பூசினால் அது டைல்ஸ் ஒட்டியதற்குச் சமம்.

வாடகைக் கடையும் விற்கப் போகும் வீடும்

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தச் செலவை யார் ஏற்பது என்று கேட்பார்கள். ஷாபிஈ மத்ஹபில் கட்டடத்தின் திருத்த வேலை வாடகைக்குக் கொடுத்தவரைச் சார்ந்தது. அவர் விரைந்து திருத்திக் கொடுக்காவிட்டால் வாடகைக்காரருக்கு உடன்படிக்கையை முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு. எமது நாட்டு வழக்கில் இது பெரும்பாலும் உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதிலேயே தங்கியிருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒன்றும் எழுதப்படுவதில்லை. வாடகை, முற்பணம், காலம் என்று மூன்றை எழுதி ஒப்பமிடுகிறோம். தரைக்கடிக் குழாய்களும் சுவரின் ஈரமும் யாருடைய பொறுப்பு, திருத்தும் நாட்களில் வாடகை உண்டா இல்லையா, நனைந்த சரக்குக்கு யார் பதில் என்ற மூன்று வசனங்களையும் சேர்த்து எழுதும்படி சட்டத்தரணியிடம் கேட்டால் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வழக்குக் கொண்டு போகத் தேவையில்லை. காப்புறுதியோ தகாபுலோ எடுத்திருப்போர் தமது பத்திரத்தை ஒரு தடவை வாசிப்பது நல்லது. திடீரெனக் குழாய் வெடித்த சேதத்துக்கு ஈடு தருபவை கூட, மாதக் கணக்கில் மெதுவாகக் கசிந்த சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

வீட்டை அல்லது கடையை விற்பதற்கு முன்னர் கறை தெரியாமல் பெயின்ட் அடிப்பது எமக்குள்ளும் வழக்கமாகிவிட்டது. சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே காய்ந்திருந்த தானியத்தின் உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வெள்ளிக்கிழமைகளில் பலமுறை கேட்ட சம்பவம்தான். அங்கும் விவகாரம் ஈரம். அங்கும் மழை நனைத்தது என்ற காரணம் உண்மையானதே. ஈரம் இருந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை, அதை அடியில் வைத்ததே கண்டிக்கப்பட்டது. மறைக்கப்பட்ட குறை தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கியாருல் ஐப் உரிமை வீட்டுக்கும் உண்டு. இந்தச் சுவரில் ஈரம் இருந்தது, இன்ன வருடம் குழாயை மாற்றினோம், காய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி விற்பவருக்கு விலையில் சிறிது குறையலாம். வாங்கியவர் மூன்றாம் மாதம் கதவைத் தட்ட மாட்டார்.

வாங்கப் போகிறவர்களும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். புதிய பெயின்ட் வாசனை அடிக்கும் பழைய வீட்டை மழைக்குப் பின்னர் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அலுமாரியை நகர்த்தச் சொல்லிச் சுவரைப் பாருங்கள், டைல்ஸைச் சாவியால் தட்டி வெறுஞ்சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், கடந்த ஆறு மாதத்துத் தண்ணீர்ப் பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள். இருவர் மட்டும் இருந்த வீட்டுக்குக் கூட்டுக் குடும்பத்துக்குரிய அலகுகள் வந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

திருத்த வேலை நடக்கும்போது, குழாயைச் சுவருக்குள் மூடுவதற்கு முன்னர் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை அடியில், வால்வு எங்கே, கைவிட்ட பழைய குழாயை எங்கே வெட்டி அடைத்தோம் என்று ஒரு தாளில் வரைந்து, ஒரு பிரதியைக் காணி உறுதியோடு வையுங்கள். இன்னொரு பிரதியை வாடகைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சுவரில் ராக்கை அடிக்க ட்ரில் பிடிப்பவர் அவர்தான்.